இரும்பில் தைத்த சட்டை

இங்கிலாந்தின் வடக்கே, ஹாட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கில், கார்பிரிட்ஜ் என்ற சிற்றூர் இருக்கிறது. ரோமானியர் ஆண்ட காலத்தில் அங்கே ஒரு படைமுகாம் இருந்தது. 1964இல் அந்த இடத்தை அகழ்ந்துகொண்டிருந்தவர்கள் மண்ணுக்கடியில் தோல் போர்த்திய மரப்பெட்டி ஒன்றின் மிச்சத்தைக் கண்டார்கள். உள்ளே ஈட்டி முனைகள், கருவிகள், ஆணிகள், கண்ணாடியில் செய்த ஆட்டக் காய்கள், பாப்பிரஸ் துணுக்குகள். கூடவே துணியில் சுற்றி வைத்த இரும்புத் தகடுகள். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யாரோ கட்டிப் புதைத்துவிட்டுப் போன சாமான். எடுக்கத் திரும்பி வரவில்லை.

தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. ஆய்வாளருக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. இரும்பு துருப்பிடிக்கும்போது கரைந்து வரும் சேர்மங்கள் பக்கத்திலுள்ள தோல், துணி, மரம் ஆகியவற்றின் இழைகளுக்குள் புகுந்து படிகின்றன. இழை மக்கிப் போன பிறகும் அதன் வடிவம் துருவில் அச்சாக நிற்கும். எந்தத் தகட்டின் உட்புறத்தில் எந்த இடத்தில் தோல் வார் ஓடியது, எந்தத் தகடு எதன்மேல் படிந்திருந்தது என்பதையெல்லாம் அந்தத் துருக்கட்டியிலிருந்து வாசிக்க முடிந்தது.

ரோமானியப் போர்வீரன் என்றவுடன் எல்லோர் மனத்திலும் எழும் உருவம் ஒன்று உண்டு: உடம்பைச் சுற்றிப் பட்டை பட்டையாக இரும்பு, தோள்மேல் அடுக்கடுக்காகத் தகடு. இன்று அதை 'லோரிகா செக்மெண்டாட்டா' என்கிறார்கள். ஆனால் அந்தக் கவசம் எப்படித் தோளில் நின்றது, எப்படிப் பூட்டியது, எப்படிக் கழன்றது என்று 1964 வரை யாரும் திருப்தியாகச் சொல்லவில்லை. முக்கியச் சான்றாக இருந்தது ரோம் நகரிலுள்ள ட்ராஜன் தூண். கி.பி. 113இல் நிறுவிய அந்தத் தூணின் சிற்பங்களில் கவசம் தசையோடு ஒட்டிக்கொண்டு, உடல் திரும்பும் பக்கமெல்லாம் தானும் வளைகிறது. சிற்பிக்குத் தேவைப்பட்டது அழகான உடல். தகட்டுக்குத் தகடு எப்படி இணைகிறது என்பதில் அவனுக்கு அக்கறையில்லை. இரும்பு இப்படி வளையாதே என்று யோசித்தவர்கள், அப்படியானால் இது தோல் பட்டைதான் என்று முடிவு கட்டினார்கள். அந்தத் தோல் கவசம் பல திரைப்படங்களில் நடித்தும் விட்டது. ஆஸ்திரியாவின் கார்னுண்டத்தில் 1899இலும், ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் உண்மையான இரும்புத் துண்டுகள் கிடைத்தன. அவற்றை வைத்துச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கவசத்தை வரைந்தார்கள்.

கார்பிரிட்ஜ் தகடுகளின் புதிரை விடுவித்தவர் ஹெச். ரஸ்ஸல் ராபின்சன். லண்டன் கோபுரத்து ஆயுதசாலையில் பணியாற்றியவர். படிப்பது மட்டுமன்றிக் கையால் செய்தும் பார்ப்பவர். 1967இல் கீழை நாட்டுக் கவசங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். ஜப்பானியக் கவசங்களில் தகட்டைத் தகட்டோடு நேரடியாக ஆணியடித்து இறுக்காமல், நாடாவால் கோத்துத் தொங்கவிடும் முறை உண்டு. அதில் பழகிய கண்களுக்கு ரோமானியத் தகடுகளின் உட்புறத் தோல் தடங்கள் வேறு மாதிரி பேசியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கார்பிரிட்ஜ் துண்டுகளைத் தகடு தகடாக அளந்து, அதே அளவில் புதிதாக வெட்டி, கோத்து, ஆள்மேல் மாட்டிப் பார்த்துத்தான் அவர் விடையை எட்டினார். 1975இல் வெளிவந்த அவருடைய ரோமப் பேரரசின் கவசங்கள் பற்றிய நூல் அந்த உழைப்பின் பதிவு.

விடை இதுதான். கவசம் ஒரே உடை கிடையாது, நான்கு தொகுதிகள். இடத்தோள், வலத்தோள் என இரண்டு. இடுப்புக்கும் மார்புக்கும் இடையே உடம்பை இரு பக்கமிருந்தும் சுற்றும் அரைவளையங்களின் தொகுதி இரண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் 7 அல்லது 8 வளைந்த பட்டைகள், கூரை ஓடு போல மேலது கீழதன்மேல் சற்றே படிந்திருக்கும். உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் தோல் வார்களில் ஒவ்வொரு பட்டையையும் தறையாணியால் பிணைத்திருப்பார்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நேரடி இணைப்பு இல்லை. குனிந்தால் அவை ஒன்றினுள் ஒன்று நழுவும், நிமிர்ந்தால் பிரியும். முன்னும் பின்னும் பித்தளைக் கண்ணிகளில் நாடா கோத்து இறுக்க வேண்டும். தோள் தகடுகளை மட்டும் பித்தளைக் கீல்கள் இணைக்கும். கழற்றிவிட்டால் எல்லாம் மடிந்து சிறு பொதியாகிவிடும். கார்பிரிட்ஜ் பெட்டிக்குள் அத்தனை கவசம் அடங்கியது அதனால்தான்.

அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தில் வேறொரு கூட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. பழங்காலப் படையினரின் உடையையும் கருவியையும் செய்து, அணிந்து, அந்தக் காலத்தை மக்கள் முன் நடத்திக் காட்டும் மீள்நடிப்புக் குழுக்கள். க்ளஸ்டர்ஷயரில் 1972இல் தொடங்கிய 'எர்மின் ஸ்ட்ரீட் கார்டு' அவற்றில் பெயர் பெற்றது. ராபின்சனின் வழிகாட்டல் அவர்களுக்குக் கிடைத்தது. கிராமத்துக் கேளிக்கைக்காக வேடம் போடக் கிளம்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆய்வாளர்களே கேள்வி கேட்டுப் போகும் ஆட்களானார்கள். காரணம் எளிது. நூலகத்தில் இருப்பவர் கவசத்தைப் பார்க்கிறார். இவர்கள் அதை மாட்டிக்கொண்டு மழையில் நிற்கிறார்கள்.

செய்யும் வேலை அட்டையில் தொடங்குகிறது. இரும்பைத் தொடுமுன் ஒவ்வொரு தகட்டையும் தடித்த அட்டையில் வெட்டி, ஒட்டி, உடம்பில் மாட்டிப் பார்க்க வேண்டும். தையற்காரர் எடுக்கும் அளவு இங்கே உதவாது. சட்டைத் துணி மூச்சுக்கு விட்டுக்கொடுக்கும், தகடு கொடுக்காது. ஆழ மூச்சிழுத்தால் மார்புச் சுற்று பல சென்டிமீட்டர் கூடும், அதற்கு முன்னமே இடம் விட்டிருக்க வேண்டும். கடைசிப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஒரு விரற்கடை கீழே இறங்கினாலும் உட்காரும்போது அது எலும்பில் இடித்து, மொத்தக் கவசத்தையும் கழுத்துவரை தூக்கிவிடும். அக்குளில் அதிகம் வெட்டினால் பாதுகாப்புப் போச்சு. குறைவாக வெட்டினால் வாள் வீசக் கை வராது. அட்டைக் கட்டத்தில் இரண்டு வாரம் செலவழிப்பவர்தான் நல்ல கவசம் செய்கிறார். இரும்பை வெட்டிவிட்டு யோசிப்பவர் அதைச் சுவரில் மாட்டி வைக்கிறார்.

அடுத்து தகடு. இன்றைய மீள்நடிப்பாளர்கள் பெரும்பாலும் 18 கேஜ் மைல்டு ஸ்டீல் வாங்குகிறார்கள். தடிப்பு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். ரோமானியத் தகடுகளும் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அளவில் ஒத்துப்போனாலும் பொருள் வேறு. ரோமானியரிடம் இரும்பை உருக்கி ஊற்றும் உலை இல்லை. தாதுவைக் கரியோடு சூடேற்றினால் இரும்பு உருகாமல், கசடு கலந்த பஞ்சுபோன்ற கட்டியாக உலையின் அடியில் சேரும். அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்து அடித்துக் கசடைப் பிழிந்தெடுக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம் கசடு இழை இழையாக உள்ளே தங்கிவிடும். ஓங்கி ஒரு அடி விழுந்தால் வெடிப்பு அந்த இழைகளிலிருந்துதான் கிளம்பும். கார்பனும் சீராகப் பரவியிருக்காது. ஒரே தகட்டில் ஓரிடம் மெத்தென்றும் இன்னோரிடம் கெட்டியாகவும் இருக்கும். ஆலையில் உருட்டி வந்த மைல்டு ஸ்டீலோ எங்கு தொட்டாலும் ஒரே தன்மை.

மீள்நடிப்புக் கவசம் சொல்லும் மிகப் பெரிய பொய் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ரோமானியப் பட்டறையில் அதிக நாளும் அதிகக் கரியும் அதிகத் தோள்வலியும் எங்கே போயிருக்கும்? கட்டியான இரும்பைச் சீரான 1 மில்லிமீட்டர் தகடாக்குவதில்தான். அதை நாம் கடையில் ஒரு மணி நேரத்தில் வாங்கி வந்துவிடுகிறோம். பிறகு வெட்டி வளைத்துத் தறையாணி அடித்துவிட்டு, 'ஒரு கவசம் செய்ய இத்தனை மணி நேரம்' என்று கணக்குச் சொன்னால், அது கவசத்தின் பின்பாதிக்கு மட்டுமான கணக்கு.

பட்டைகளை வளைப்பது பார்க்க எளிது. மர உருளை ஒன்றின்மேல் வைத்து அழுத்தினால் வளையும். கையை எடுத்தால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். உலோகத்தின் வெளிப்பகுதி நிரந்தரமாக நீண்டுவிட்டாலும் நடுப்பகுதி இன்னும் மீள்தன்மையின் எல்லைக்குள் இருப்பதால் வரும் நிமிர்வு அது. எனவே தேவைக்கு மேல் வளைத்து, தேவைக்குத் திரும்பி வர விட வேண்டும். கழுத்தருகே வரும் தகடுகள்தான் கடினம். அவை இரண்டு திசைகளில் வளைய வேண்டும்: தோளின் சரிவுக்கு ஒன்று, முன்னிருந்து பின்னுக்கு ஒன்று. அப்படி வளைய உலோகம் ஓரிடத்தில் நீளவும் வேறோரிடத்தில் சுருங்கவும் வேண்டும். மரக்குழியில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வரும்.

தட்டத் தட்ட இரும்பு கெட்டிப்படும். உலோகம் சின்னஞ்சிறு படிகங்களால் ஆனது. படிக அடுக்குகளில் உள்ள பிறழ்வுகள் நகர்வதால்தான் அது உடையாமல் வளைகிறது. ஒவ்வொரு அடியும் புதிய பிறழ்வுகளைப் பிறப்பிக்கும். அவை பெருகி ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும்போது நகர இடமிருக்காது. சுத்தியல் துள்ள ஆரம்பிக்கும், சத்தம் மாறும். பட்டறைக்காரர் காதால் அறியும் சேதி இது. செந்தணலாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் படிகங்கள் புதிதாக வளர்ந்து இரும்பு மறுபடி இளகும். சிலர் வேண்டுமென்றே கடைசிச் சுற்றைக் காய்ச்சாமல் விடுவார்கள். மெல்லிய தகட்டுக்கு அந்தக் கெட்டி கூடுதல் பலம்.

பித்தளைக்கும் இதே விதிதான், ஆனால் அதற்கு ஒரு தனி நோய் உண்டு. அதைக் கண்டறிந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்தால் யாரும் தொடாமலேயே உறைகள் வெடித்திருக்கும். பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921இல்தான் காரணம் தெளிவாயிற்று. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஒரு பக்கம். உறையைக் குளிர்நிலையில் இழுத்து வடிவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் படிகங்களின் விளிம்பு வழியாக வெடிப்பு ஓடும். வடிவம் கொடுத்த பிறகு மிதமாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவதே மருந்து. கவசத்தின் கீல்களைத் தகட்டிலிருந்து வெட்டி, குளிர்நிலையிலேயே மடித்து, அப்படியே பொருத்திவிட்டு மறந்துவிடுகிறவர் இந்தத் தோட்டா உறைகளின் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இரும்பும் பித்தளையும் தோலும் வியர்வையும் ஒன்றாகக் கூடினால் அது ஒரு மின்கலம். இரு உலோகங்களுக்கு இடையே உப்பு நீர் புகுந்தால் இரும்பு தன்னை இழந்து பித்தளையைக் காக்கும். எனவே பித்தளைத் தறையாணியைச் சுற்றித்தான் முதலில் துரு வளையம் தோன்றும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் இருக்கும். இரும்போடு சேர்ந்தால் அது கன்னங்கறுப்பாகும்; ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதுமை செய்த அதே வேதிவினை. தறையாணியைச் சுற்றித் தோல் கறுத்து விறைத்துப் பிறகு அங்கேயே கிழியும். கிழியாத வார் நீளும். வார் நீண்டால் பட்டைகளுக்கு இடையே சந்து விழும், கவசம் கீழே தொங்கும். இரும்புச் சட்டை என்கிறோமே தவிர அதன் ஆயுளைத் தீர்மானிப்பது உள்ளே மறைந்திருக்கும் தோல்தான்.

இனி அணிந்த பின். முதன்முதலாக இதைச் செய்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். தகடுகளை அகழாய்வில் கிடைத்த அளவில் துல்லியமாகச் செய்தாலும், வெறும் மேலங்கியின்மேல் மாட்டினால் கழுத்தருகே தகடுகள் கோணலாக விழுந்தன. மார்புத் தகடுகள் நடுவில் ஒழுங்காகச் சேரவில்லை. மனிதத் தோள் சரிவானது, கவசத்தின் தோளோ ஏறக்குறைய தட்டையானது. தோளில் மெத்தை வைத்துத் தைத்த உள்ளங்கி ஒன்றைப் போட்டவுடன் எல்லாம் தன்னிடத்தில் உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒரு உள்ளங்கி கார்பிரிட்ஜ் பெட்டியில் கிடைக்கவில்லை. துணி உடைகள் மண்ணில் எளிதில் மிஞ்சுவதில்லை. 4ஆம் நூற்றாண்டுப் போர்நூல் ஒன்று கவசத்துக்குள் அணியும் தடித்த அங்கியைப் பற்றிச் சொல்கிறது என்றாலும் அது மிகப் பிந்தியது. ஆனால் இங்கே கவசத்தின் வடிவமே உள்ளங்கியைக் கேட்கிறது. இல்லாத ஒரு பொருளை அதைச் சுற்றியிருந்த பொருளின் அளவிலிருந்து ஊகிக்க முடிந்தது என்றால், அதற்கு ஓர் ஆள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றதே வழி. மெத்தைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தகடு வெட்டைத் தடுக்கும், ஆனால் அடியின் உந்தத்தை விழுங்காது. அதைப் பரப்பித் தாமதப்படுத்துவது உள்ளே இருக்கும் துணிதான்.

இரண்டாவது பாடம் கீல்கள் சொன்னது. மீள்நடிப்பாளர்களின் கவசங்களில் ஓயாமல் உடைபவை பித்தளைச் சில்லறைகள்: கீல், கொக்கி, நாடாக் கண்ணி. போர்க்காட்சியில் உடைவதைவிட, மாட்டும்போதும் கழற்றும்போதும் உடைபவை அதிகம். செய்தவருக்குக் கைத்திறன் போதாது என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் ரோமானிய முகாம்களின் அகழாய்வுகளிலும் திரும்பத் திரும்பக் கிடைப்பவை இதே சில்லறைகள்தான். கார்பிரிட்ஜ் கவசங்களிலேயே கீல் உடைந்த இடத்தில் இரு தகடுகளையும் நேராகத் தறையாணியால் சேர்த்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். கீல் இருந்த இடத்தில் அசைவே தேவையில்லை என்பதை அந்த முகாம் கொல்லர் கண்டுகொண்டார் போலும். பிறகு வந்த நியூஸ்டெட் வகைக் கவசத்தில் தோள் தகடுகளுக்கிடையே கீல் கிடையாது, தறையாணிதான். பட்டைகள் அகலம், எண்ணிக்கை குறைவு, சில்லறைப் பாகங்கள் மிகக் குறைவு, பூட்டுகள் முரட்டுத்தனமானவை. இதை வடிவமைப்பின் வீழ்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. கீலைப் பத்துத் தடவை மாற்றிய மீள்நடிப்பாளரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

எடை எவ்வளவு? தகட்டின் தடிப்பைப் பொறுத்து 5.5 கிலோவிலிருந்து 9 கிலோ வரை. கேட்கப் பெரிதாக இல்லை; ஆனால் சுமையில் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். இதை அளந்து காட்டியது 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரர்களின் முழு எஃகுக் கவசத்தைப் பற்றி 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேம் ஆஸ்க்யூவும் சகாக்களும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் கவசமணிந்து காட்சி நடத்தும் நால்வரை ஓடுபொறியில் ஏற்றி, முகமூடி வழியே அவர்களுடைய மூச்சை அளந்தார்கள். கவசங்கள் 30 முதல் 50 கிலோ. கவசத்தோடு நடக்க, வெறும் உடம்போடு நடப்பதைப்போல 2.1 முதல் 2.3 மடங்கு ஆற்றல் செலவானது, ஓட 1.9 மடங்கு. அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. கால்களில் மட்டும் 7, 8 கிலோ இரும்பு இருந்தது. ஒவ்வோர் அடியிலும் அதை முடுக்கி நிறுத்த வேண்டும். முதுகுச் சுமை அப்படி ஆடுவதில்லை. மார்புத் தகடு ஆழ்ந்த மூச்சுக்கு இடம் தராததால் ஆட்கள் மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வாங்கினார்கள்.

இந்தக் கணக்கோடு பார்த்தால் ரோமானியக் கவசத்தின் புத்திசாலித்தனம் புரிகிறது. எடை முழுதும் உடம்பின் நடுத்தண்டில். காலில் தகடே இல்லை. கால்நடையாகவே பேரரசைச் சுற்றும் படைக்கு அது பொருத்தம். வயிற்றுப் பட்டைகள் தோலில் தொங்குவதால் நாடாவைச் சற்றுத் தளர்த்தினால் மூச்சுக்கும் வழியுண்டு. வெயில் மட்டும் மன்னிக்காது. வியர்வை ஆவியாகப் போக்கில்லாத உள்ளங்கி, அதன்மேல் காயும் இரும்பு. வட இங்கிலாந்தின் சாரலில் இதை அணிபவர்கள் துருவைத் திட்டுகிறார்கள். இதே வகைக் கவசத்தின் பாகங்கள் கி.பி. 67இல் ரோமானியர் முற்றுகையிட்ட கம்லாவிலும், அதாவது இன்றைய இஸ்ரேலை ஒட்டிய கோலான் மேட்டிலும் கிடைத்திருக்கின்றன. அங்கே அணிந்தவர் எதைத் திட்டியிருப்பார் என்பதைச் சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை.

அணிந்து பார்ப்பதால் எதை நிரூபிக்கலாம், எதை நிரூபிக்க முடியாது? கிரேக்க நாட்டின் டெண்ட்ராவில் 1960இல் ஒரு கல்லறையிலிருந்து முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கழுத்திலிருந்து தொடைவரை அகன்ற வெண்கல வளையங்கள். அதன் பருமனைப் பார்த்த பலர் இது சடங்குக்கானது, இதைப் போட்டுச் சண்டையிட முடியாது என்றார்கள். 2024இல் தெசலி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் ஃப்ளூரிஸ் குழு அதன் நகலைக் கிரேக்கப் படையின் மரைன் வீரர்கள் 13 பேருக்கு அணிவித்தது. இலியட் காவியத்தில் வரும் போர் விவரங்களிலிருந்து தயாரித்த பயிற்சி, அந்தக் காலத்தை ஒத்த உணவு, 11 மணி நேரம். வீரர்கள் களைத்தார்கள், ஆனால் கடைசிவரை செய்தார்கள்.

இந்தச் சோதனை ஒரு கூற்றை உடைத்தது: 'போட்டுச் சண்டையிட முடியாது.' டெண்ட்ரா வீரர் அதைப் போட்டுச் சண்டையிட்டார் என்று அது நிறுவவில்லை, நிறுவவும் முடியாது. மீள்நடிப்புக் கவசத்தின் அறிவியல் பலம் முழுவதும் இந்த ஓரவஞ்சனையில்தான் இருக்கிறது. முடியாது என்பதை அது பொய்யாக்கும். நடந்தது என்பதை மெய்யாக்காது. கூடும் என்பதோடு அது நின்றுகொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் என்னாகும் என்பதற்குக் கிரேக்க லினன் கவசம் ஒரு எடுத்துக்காட்டு. அலெக்சாந்தர் அணிந்திருப்பதாக பாம்பேயிச் சில்லோவியம் காட்டும் வகை. முழுதாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின்-கிரீன்பே பல்கலைக்கழகத்தின் கிரெகரி ஆல்ட்ரெட் தன் மாணவரோடு சேர்ந்து லினன் துணிகளை முயல்தோல் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்து பார்த்தார். அம்பு துளைக்கவில்லை, மாணவர் அணிந்து நிற்க, பேராசிரியர் அவர்மேலேயே எய்தும் பார்த்தார். 2013இல் நூலாக வந்த அந்த வேலை அருமையானது. ஆனால் பசை என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. பல அடுக்குகளை நெருக்கித் தைத்திருக்கலாம் என்கிறவர்களின் வாதமும் வலுவானது. அம்பு நின்றது பசைக் கவசம் பயன்படும் என்பதைக் காட்டுகிறது. கிரேக்கர் பசையைத் தொட்டார்களா என்று அம்புக்குத் தெரியாது.

கல்வியாளர்கள் இந்த எல்லையைக் காப்பார்கள். சந்தை காக்காது. உலகமெங்கும் விற்கும் ரோமானியக் கவச நகல்களில் கணிசமானவை நம் மீரட், டேராடூன் பட்டறைகளில் தயாராகின்றன. கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி செய்து வளர்ந்த டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம் இன்று உலகறிந்த நகல் ஆயுதத் தயாரிப்பாளர். ஹாட்ரியன் சுவர் ஓரத்து விழாவில் லத்தீனில் கட்டளை கேட்டு நடக்கும் வீரரின் மார்பில் உத்தரப் பிரதேசத்துத் தகடு மின்னலாம்; அதில் எனக்குச் சந்தோஷமே. சிக்கல், நகலைப் பார்த்து நகல் எடுப்பதில். ஏற்றுமதிக்கு ஒரே அளவு, ஒரே வகை போதும். கார்பிரிட்ஜ் வடிவம் அப்படி எல்லாக் காலத்துக்குமான ரோமானிய உடையாகிவிட்டது. ஜூலியஸ் சீசரின் வீரர்கள்கூடத் திரையில் அதை அணிகிறார்கள். சீசர் கொலையுண்டது கி.மு. 44இல். இந்த வகைக் கவசத்தின் மிகப் பழைய துண்டுகளோ அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளுக்கு முன்னால் போகவில்லை. ஒரு பெட்டியில், ஒரு எல்லை முகாமில், தற்செயலாக மிஞ்சிய வடிவம் இது என்பதை நகல் தன் உடம்பில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

பெட்டிக்கு வெளியே என்ன இருந்தது என்பதற்கு அண்மையில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று லெஜியன் படைப்பிரிவுகளை ஜெர்மானியக் குடிகள் அழித்தொழித்த போரின் களமாகக் கருதப்படும் கால்க்ரீஸில், 2018இல் மண்ணோடு மண்ணாகத் தூக்கியெடுத்த ஒரு கட்டிக்குள் கவசம் இருந்தது. மண்ணைப் பிரித்தால் உதிர்ந்துவிடும். முதலில் ம்யூன்ஸ்டர் விமான நிலையத்துச் சுங்கத் துறையின் ஊடுகதிர்க் கருவியில் வைத்தார்கள். அந்தக் கதிருக்கு மண்கட்டி மிகத் தடிமனாக இருந்தது. பிறகு ஃப்யூர்த் நகரிலுள்ள ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தின் பிரம்மாண்டமான சி.டி. ஸ்கேன் கருவிக்குக் கொண்டுபோனார்கள். தகடுகள் ஒடுங்கி மடிந்த நிலையில், கொக்கிகளும் கீல்களும் தத்தம் இடத்தில், திரையில் தெரிந்தன. 2020இல் உலகுக்கு அறிவித்தபோது, இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையதும் மிக முழுமையானதும் இதுதான் என்று சொன்னார்கள். தோல் வார்களின் துணுக்குகள்கூட மிஞ்சியிருந்தன.

கீல்கள் அப்போதே இருந்திருக்கின்றன. அதாவது கால்க்ரீஸிலிருந்து நியூஸ்டெட் வகை வரும்வரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு மேல், ரோமானியர் உடையும் கீலோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். உடைந்தவுடன் மாற்றுவதற்கு ஒவ்வொரு முகாமிலும் பட்டறை இருந்தது. புதிய தகடுகளின் அளவுகள் வெளிவர வெளிவர, ஐரோப்பாவின் மீள்நடிப்பாளர்கள் கார்பிரிட்ஜ் வார்ப்புருக்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கால்க்ரீஸ் வடிவத்துக்கு அட்டை வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.